கயிறும் முடிச்சும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் வாழ்ந்து சென்ற மாதம் மறைந்த பெரியவர், 1972இல் நாடு குடியரசாகிக் கடற்படையின் பெயரிலிருந்து 'ரோயல்' நீங்குவதற்கு முன்பே அதில் சேர்ந்தவர். ஓய்வுபெற்றதும் பழைய சோனகத் தெருவில் இரும்புக்கடை வைத்தார். கயிறு வாங்க வருபவருக்கு முடிச்சுப் போடவும் கற்றுக்கொடுப்பார். வியாபாரம் மெதுவாகத்தான் நடந்தது!

2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி மூழ்கியபோது, கடையிலிருந்த கயிற்றுச் சுருள்கள் அத்தனையையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். இடுப்பளவு நீரில் நின்று, படகை எந்தப் பக்கமாக வாசலில் அணைப்பதென்று இளைஞர்களை அதட்டியது இன்னும் என் காதில் ஒலிக்கிறது. கயிற்றுக்குப் பணம் கொடுக்கப் போனவர்களுக்கும் அதே அதட்டல்தான்.

மரண அறிவித்தலில் 'பிரபல வர்த்தகர்' என்று மட்டும் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொழும்பு 13