காரில் பாடப்புத்தகம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோர் பலர் மலைப்பயணத்தையும் பாடத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் பயிற்சித்தாள்களைக் கட்டாக எடுத்துப்போய், கொண்டை ஊசி வளைவில் கார் திரும்பும்போதே எழுதவைப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு ‘திரும்புகிறோம்’ என்கிறது. தாளில் பதிந்த கண் ‘அசையவில்லை’ என்கிறது. குமட்டலும் வாந்தியும் இந்த முரண்பாட்டால்தான் வருகின்றன. 2 முதல் 12 வயது வரை இந்தத் தொல்லை அதிகம். வண்டி ஓடும்வரை பார்வை தூரத்துச் சாலையில் இருக்கட்டும். வயிறு காலியாகவும் வேண்டாம், முட்டமுட்டவும் வேண்டாம். காது அடைத்தால் எச்சிலை விழுங்கச் சொல்லுங்கள். சளி பிடித்த பிள்ளைக்கு இறக்கத்தில் காது வலிக்கும். அங்கங்கே நிறுத்தி நிறுத்தி இறங்குங்கள்.

பாடம், வண்டி நிற்கும் இடத்தில் தொடங்கட்டும். உயரம் மாறும்போது கூடவே எதெல்லாம் மாறுகிறது என்பதை மலையைப் போல வேறெதுவும் காட்டாது. அதற்கு ஒரே அளவீட்டை அடிவாரம், நடுவழி, உச்சி ஆகிய மூன்று இடத்திலும் எடுக்க வேண்டும்; திரும்பி வந்து அடிவாரத்தில் மறுபடியும் எடுக்க வேண்டும். கடைசி அளவீட்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் கொதிநிலை. ஏறக்குறைய 300 மீட்டருக்கு 1 டிகிரி செல்சியஸ் குறையும். 2,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. 110 டிகிரி வரை காட்டும் ஆய்வகத் தெர்மாமீட்டர் வேண்டும். அதன் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொட்டால் கணக்கு தப்பாகும், ஏனென்றால் அடித்தகடு தண்ணீரைவிடச் சூடானது. அடிவாரத்திலேயே அரை டிகிரி பிசகிக் காட்டினால் கருவியைத் தூக்கிப் போட வேண்டாம். இடத்துக்கு இடம் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். அடுப்பைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், அளவைப் பிள்ளை படிக்கட்டும்.

அடுத்தது, செலவே இல்லாத சோதனை. ஈரமில்லாத 1 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை உச்சியில் சற்று நேரம் திறந்து வைத்து, இறுக மூடிக் கொண்டுவாருங்கள். கீழே வரவர அது நசுங்கும். பெரும்பாலோர் இதைப் பார்த்து வியந்துவிட்டுத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். இனிமேல்தானே கணக்கு! வாளித் தண்ணீருக்குள் பாட்டிலைத் தலைகீழாக அமிழ்த்தி, நீருக்கடியிலேயே மூடியைத் திறங்கள். தண்ணீர் உள்ளே ஏறும். உள்மட்டமும் வெளிமட்டமும் ஒன்றாகும்படி பிடித்து, மூடி, வெளியே எடுத்து, ஏறிய தண்ணீரை அளவுக் குவளையில் அளக்க வேண்டும். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 1,013 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு), 2,000 மீட்டரில் ஏறத்தாழ 795. ஆகவே 2,000 மீட்டரில் மூடிய 1 லிட்டர் காற்று, கடல் மட்டத்தில் 785 மில்லிலிட்டராகச் சுருங்கியிருக்க வேண்டும். ஏறிய தண்ணீர் 215 வர வேண்டும். பெரும்பாலும் வராது. மேலே 10 டிகிரியும் கீழே 30 டிகிரியும் இருந்தால், உள்ளிருக்கும் காற்று சூடேறி விரிந்து, 160 அளவில்தான் ஏறும். அந்தக் குறையைப் பிள்ளையே தேடிக் கண்டுபிடிக்கட்டும். விடையைச் சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள்.

கீழே மறுபடி அளப்பது ஏன் என்று பிள்ளை கேட்டால், பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்கலின் கதையைச் சொல்லலாம். 1648 செப்டம்பர் 19 அன்று, அவர் கேட்டுக்கொண்டபடி அவருடைய அக்காள் கணவர் பெரியே, பிரான்சின் புய் டி டோம் மலைமேல், காற்றழுத்தம் காட்டும் பாதரசக் குழாயைக் கொண்டுபோய் அளந்தார். மேலே பாதரசம் தெளிவாக இறங்கியிருந்தது. அன்று முழுக்க அடிவாரத்தில் இன்னொரு குழாயை ஒருவர் கவனித்துக்கொண்டே இருந்தார், அது மாறவில்லை. வானிலை மாறினாலும் அழுத்தம் மாறும். 10 ஹெக்டோபாஸ்கல் மாற்றம், உயரக் கணக்கில் 80 மீட்டருக்கு மேல் பிசகு காட்டும். மாற்றம் மலையால் வந்ததா, மேகத்தால் வந்ததா என்று பிரித்தறியத்தான் அந்தக் கீழ்க்குழாய்.

இறக்கமே ஒரு பாடம். 1,500 கிலோ கார் 1,000 மீட்டர் இறங்கினால் சுமார் 1 கோடியே 47 லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். 30 டிகிரித் தண்ணீர் 50 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அதில் பெரும்பகுதியும் பிரேக்கில்தான் இறங்கும். பிரேக் ஆயில் கொதித்து, மிதித்தால் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும், வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், நியூட்ரல் கூடவே கூடாது. நிறுத்தியதும் சக்கரத்தின் அருகே பிள்ளைகளை விடாதீர்கள். சூடான பிரேக்கில் தண்ணீரும் ஊற்றாதீர்கள்.

2,500 மீட்டருக்கு மேல் போகிறவர்களுக்கு ஒன்று. அங்கே தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வந்தால் அது உயர நோயாக இருக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது. சாப்பாட்டைத் தள்ளும், காரணமில்லாமல் சிணுங்கும். அன்று அதற்கு மேல் ஏறாதீர்கள். கூடினால் காத்திருக்காமல் உடனே கீழே இறங்குங்கள், அளவீடு பாதியில் நின்றாலும் சரி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்