கிளினிக் வாங்கில் கற்ற பாடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் வீட்டுக் குசினிச் சுவரில், கதவுநிலைக்குப் பக்கத்தில், பென்சிலால் போட்ட இருபத்துமூன்று சிறு கோடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அருகே ஒரு திகதி. மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட என் தங்கை, சுவரில் விரல்களை நண்டுபோல் மேலே நகர்த்தி, அன்றன்று கை எட்டிய உயரத்தைக் குறித்து வைத்த கோடுகள் அவை. முதற்கோடு அவள் தோளுக்கும் கீழே. கடைசிக் கோடு தலைக்கு மேலே ஒரு முழம். போன தைப்பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

அந்தப் பயிற்சியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். வீடு திரும்பி மூன்று வாரங்களில் அவளுக்குத் தோள் இறுகிவிட்டது. தலைவாரக்கூட முடியவில்லை. கிளினிக்குக்குப் போயிருந்த அன்று, வாங்கில் பக்கத்தில் இருந்த சங்கானைப் பெண்மணி ஒருவர், தங்கை தன் கையை மடியில் தாங்கிப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார்: "அக்குளிலும் வெட்டினார்களா அக்கா? பயிற்சி ஒன்றும் தொடங்கவில்லையா?" பிறகு எழுந்து, அங்கிருந்த சுவரிலேயே விரல்களை ஏற்றிக் காட்டினார். வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கும்படியும் சொன்னார். அக்குளில் நிணநீர்க் கணுக்களை அகற்றினால் கை வீங்கக்கூடும், அது மாதங்கள், வருடங்கள் கழிந்தும் வரலாம், மோதிரமோ காப்போ இறுகினால் உடனே காட்டவேண்டும் என்பதையெல்லாம் நாங்கள் அந்த வாங்கில்தான் அறிந்தோம். அவர் ஆறு வருடங்களுக்கு முன் இதே நோயிலிருந்து மீண்டவர். அன்று நாங்கள் இரண்டு வரிசை தள்ளி இருந்திருந்தால் இது ஒன்றும் தெரியாமலேயே வீட்டுக்கு வந்திருப்போம்.

நான் யாரையும் குறைகூற எழுதவில்லை. நூறு பேர் காத்திருக்கும் கிளினிக்கில் வைத்தியருக்கும் தாதிக்கும் மூச்சுவிட நேரமில்லை என்பதை நேரில் பார்த்தவள் நான். குற்றம் சொல்வதானால் என்னிடமிருந்தே தொடங்கவேண்டும். முப்பத்தொரு வருடங்கள் விஞ்ஞானம் படிப்பித்தேன். கலப்பிரிவைக் கரும்பலகையில் வண்ணச் சோக்கால் வரைந்து காட்டியிருக்கிறேன். கட்டுப்பாடில்லாமல் கலம் பிரிந்தால் புற்றுநோய் என்று ஒரு வசனம் சொல்லி, அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். என் சொந்தத் தங்கை மார்பில் ஒரு கட்டியைத் தடவி அறிந்தும் பதினொரு மாதங்கள் வாய்திறக்கவில்லை. கேட்டபோது அழுதுகொண்டே சொன்னாள்: "பிள்ளைக்குச் சாதகம் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அக்கா. வெளியே தெரிந்தால் சம்பந்தம் குழம்பிவிடும் என்று பயந்தேன்." அந்தப் பயத்தைப் பற்றி எந்த வகுப்பிலும் நான் ஒரு சொல் பேசியதில்லை.

எங்களிடம் ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. 2011இல் நாட்டின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாட்கள் மக்கள் நடந்து திரட்டிய நிதியில்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2016இல் அதேபோல் பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி நடந்தார்கள், காலி கராப்பிட்டியவில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்காக. ஒரு காலத்தில் கொழும்புக்கு அருகே மகரகமவிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வருவதற்கே நகையை அடகு வைத்த குடும்பங்களை நான் அறிவேன். சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம். 2017 முதல் பாடசாலைகளில் தரம் 6 மாணவிகளுக்கு, அந்தப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி தடுப்பூசி கொடுக்கப்படுகிறது. ஊருக்கு ஊர் உதவி அமைப்புகளும் இருக்கின்றன. ஆனால் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரிவதில்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளை அந்தத் தடுப்பூசிக்கான சம்மதப் படிவத்தை நாலாக மடித்துக் கணிதக் கொப்பிக்குள் வைத்திருந்தாள். பெற்றோர் ஒப்பமிடவில்லை. ஏன் என்று தாயிடம் கேட்டேன். "பின்னாளில் பிள்ளை பெறமுடியாமல் போகுமாம் ரீச்சர்" என்றார். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்கான ஊசி என்று அவருக்கு எவரும் விளக்கியிருக்கவில்லை. படிவம் வந்தது, கையெழுத்துக் கேட்டது, அவ்வளவுதான். கிணற்றடியில் நின்று அரை மணி நேரம் பேசினேன். ஒப்பமிட்டார். அந்த வகுப்பில் வேறு எத்தனை படிவங்கள் மடித்தபடியே கிடந்தனவோ?

நான் கேட்பது பெரிய காரியமல்ல. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள், எங்கள் யாழ் மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்கள், வைத்தியசாலைகள், உதவி அமைப்புகள், நோயிலிருந்து மீண்டவர்கள் எல்லோரும் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் இருக்கட்டும். தடுப்பூசிக்கு முன் நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் குடும்பநல உத்தியோகத்தரோடு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை அனுபவித்த ஒரு தாயும் பேசட்டும். சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவர் கையிலும் தமிழில் ஒரு தாள் இருக்கட்டும். மருத்துவத்தை வைத்தியர்கள் சொல்லட்டும், எங்கள் அம்மாமாருக்கு விளங்கும் வசனங்களை ஆசிரியர்கள் எழுதட்டும், எது விடுபட்டிருக்கிறது என்பதை நோயாளிகள் சொல்லட்டும். நெடுந்தீவிலிருந்து வருபவர் குறிகாட்டுவானுக்குப் படகில் வந்து, பிறகு இரண்டு பஸ் ஏறித்தான் தெல்லிப்பழைக்கு வரவேண்டும். சிகிச்சை முடிந்து உடல் சோர்ந்திருக்கும்போது மாலைப் படகைப் பிடிக்க ஓடவேண்டும். அன்றிரவு அவர் எங்கே தங்கலாம், யார் செலவு கொடுப்பார்கள் என்பதை ஒரே இடத்தில் கேட்டறிய வழி வேண்டும்.

ஆண்களையும் மறந்துவிடக்கூடாது. இந்நாட்டு ஆண்களிடையே முன்னணியில் இருப்பது வாய்ப் புற்றுநோய். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்பதைச் சபையில் வெற்றிலைத் தட்டம் நீட்டும் எத்தனை பேர் அறிவார்கள்?

நோயிலிருந்து மீண்டவர்களை, மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான ஒக்டோபரில் மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அது போதாது. முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர்களுக்கு ஒரு கதிரை வேண்டும்.

சங்கானை அம்மாவிடம் கேட்டுவிட்டேன். எந்தப் பாடசாலைக்கும் எந்த வாட்டுக்கும் வரத் தயார் என்கிறார். தங்கையும் வருவாள். தாளை எழுத நான் இருக்கிறேன். புதன்கிழமை மட்டும் வேண்டாம், அன்று தங்கைக்குக் கிளினிக்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
இணுவில்.