கையெழுத்துப் போடும் முன்

காட்பாடி

அன்பு மகளுக்கு,

உன் துப்பறியும் நாவலுக்குப் பதிப்பகம் கொடுத்த ஒப்பந்தத்தின் நகல் கிடைத்தது. அடுத்த ஐந்து நாவல்களும் தங்களுக்கே தர வேண்டும் என்று ஒரு பத்தி போட்டிருக்கிறார்கள். முதலில் அதை நீக்கச் சொல்.

ஆங்கிலத் துப்பறியும் நாவலாசிரியை அகதா கிறிஸ்டியும் இதில்தான் மாட்டினார். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் டார்க்கீ ஊர் மருத்துவமனையில் மருந்து கலந்து கொடுத்த வேலை, அவருக்கு விஷத்தின் குணமும் அளவும் கற்றுக்கொடுத்தது. ஒப்பந்தம் படிக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. 1920இல் வந்த முதல் நாவலுக்கு, 2,000 பிரதி விற்கும்வரை ராயல்டி, அதாவது விற்பனையில் எழுத்தாளர் பங்கு, கிடையாது. மேற்கொண்டு ஐந்து புத்தகம் அதே பதிப்பகத்துக்கு. கைக்கு வந்தது 25 பவுண்டு, அதுவும் பத்திரிகையில் தொடராக வெளியிட விற்றதில் பாதிப் பங்கு. வேறு பதிப்பகத்தில் அவர் நாவல் வந்தது 1926இல்தான்.

துப்பறியும் கதைக்கு இந்தக் கட்டு இன்னும் மோசம். வாசகர் உன் பெயரைவிட உன் இன்ஸ்பெக்டரின் பெயரைத்தான் நினைவு வைப்பார். அந்த இன்ஸ்பெக்டரை வைத்து எந்தப் பதிப்பகத்துக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்று தனி வரி கேள்.

உரிமை எவ்வளவு காலத்துக்கு, எந்த எல்லைக்குள் என்ற இரண்டையும் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். அது உனக்கு நல்லதே, கிளறாதே. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிக்காவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். ஆனால் ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதிவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். "அனைத்து உரிமைகளும்" என்ற சொல்லை எடுத்துவிட்டு அச்சு, மின்னூல், ஒலிநூல், சினிமா என்று பிரித்து எழுதச் சொல். இப்போதைக்கு அச்சை மட்டும் கொடு.

ராயல்டி 10 சதவீதம் என்கிறார்கள், எதில் என்று இல்லை. 200 ரூபாய் புத்தகம் 1,000 பிரதி விற்றால், அட்டை விலையில் கணக்கிட்டால் 20,000. கடைக்காரருக்கு 40 சதவீதம் கழித்த விலையில் என்றால் 12,000தான். "அட்டை விலையில்" என்ற சொல் இருக்கட்டும். வருஷத்துக்கு ஒருமுறை எழுத்தில் விற்பனைக் கணக்கும் கேள்.

அந்த ஐந்து நாவல் பத்தியை நீக்கத் தயங்கினால் ஐந்தை ஒன்றாகக் குறைத்துப் பேசு. அதற்கும் ஒப்பாவிட்டால் கையெழுத்து வேண்டாம்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: மூன்றாம் அத்தியாயத்தில் கொலைகாரன் சென்னையில் பெங்களூர் வண்டி ஏறி வேலூர் கன்டோன்மென்ட்டில் இறங்குகிறான். அது விழுப்புரம் பாதை ஸ்டேஷன். அவனைக் காட்பாடியில் இறக்கு. இல்லாவிட்டால் நம்மூர்க்காரர்கள் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள்.