மூன்றாம் தளம் வரை ஓடிய லயனல் கோனகருக்கு

அன்புள்ள லயனல் கோனகர் அவர்களுக்கு,

உங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1921 டிசம்பர் 3-ஐத்தான் முதலில் எடுப்பார்கள். டொராண்டோ வார்சிட்டி மைதானத்தில் கிரே கோப்பை இறுதி ஆட்டம். மேற்குக் கனடாவிலிருந்து ஓர் அணி அந்தக் கோப்பைக்கு ஆட வந்தது அதுதான் முதல் தடவை. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற கனடா ஃபுட்பால் அது. உங்கள் ஆர்கோனாட்ஸ் 23, எட்மன்டன் பூஜ்யம். அந்த 23-ல் 15 நீங்கள் எடுத்தவை. அப்புறம் ஆட்டம் முடியும்வரை நிற்கவில்லை. ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒன்று காத்திருக்கிறது என்று பாதியிலேயே கிளம்பிவிட்டீர்கள்.

இதைச் சாகசம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்துப் பிள்ளைகள் இருந்த ஏழை வீட்டில் மூன்றாவதாகப் பிறந்தவர் நீங்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, தினம் 10 மணி நேரம் மண்ணோடு பெயர்த்தெடுத்த புல் பத்தைகளைச் சுமந்தீர்கள். ஒரு வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகிற அந்தப் பையனைத்தான் அன்றைய மைதானத்திலும் பார்க்கிறேன்.

உங்கள் மனதுக்குப் பிடித்தது ஃபுட்பால். ஆனால் அன்றைக்கு அதில் சம்பளம் கிடையாது. காசு ஹாக்கியில் இருந்தது. பனியில் வழுக்கிப் போகிற ஸ்கேட்ஸை நீங்கள் காலில் கட்டியதே 16 வயதில்தான். டொராண்டோ பையனுக்கு அது ரொம்பத் தாமதம். மற்றவர்களைப் போல வழுக்கிக்கொண்டு போக வரவில்லை என்றதும், கோல் வலையை நோக்கி வரும் அடிக்குக் குறுக்கே மண்டியிட்டு உடம்பைக் கொடுத்தீர்கள். 1934-ல் சிகாகோவுடன், 1935-ல் மான்ட்ரியல் மரூன்ஸுடன் ஐஸ் ஹாக்கியின் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பை. மூக்கு எத்தனையோ முறை உடைந்தது. பிடித்த ஆட்டத்தை விட்டுவிட்டு, பிழைப்புக்கான ஆட்டத்துக்கு இவ்வளவு கொடுத்தவரை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அரை நூற்றாண்டின் தலைசிறந்த வீரர் என்று 1950-ல் கனடா உங்களைத் தேர்ந்தெடுத்தது. அப்போது நீங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்.

1954 மே 26. ஒட்டாவாவில் நாடாளுமன்றப் புல்வெளியில் பத்திரிகையாளர்களோடு சாஃப்ட்பால். பந்தை அடித்துவிட்டு, தளம் என்று குறித்த இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு ஓடுகிற ஆட்டம் அது. உங்களுக்கு 54 வயது முடிந்து இரண்டே நாள். பந்தை இடது பக்கம் தூக்கி அடித்தீர்கள். முதல் தளத்தில் நின்றிருக்கலாம். சரி, இரண்டாவதிலாவது நின்றிருக்கலாம். மூன்றாவது வரை ஓடி, அங்கேயே சாய்ந்துவிட்டீர்கள். அப்புறம் எழவே இல்லை.

அன்புடன்,
உங்கள் ரசிகன்