டிராயிங் பீரியடில் கணக்குப் பாடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் கே.சி.எஸ். பணிக்கர் பற்றிய கட்டுரை படித்தேன். ஓவியர் பணிக்கரைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, வாத்தியார் பணிக்கரை இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். என்னைக் கேட்டால் அவர் வரைந்ததைவிட மாணவர்களுக்குச் செய்ததுதான் பெரிசு.

1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர், 1957-ல் சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல்வரானார். சொல்லிக்கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இல்லாமல், படிப்பை முடித்துப் போகிற பையன் சோற்றுக்கு என்ன செய்வான் என்று யோசித்த மனுஷன். அப்போதெல்லாம் படத்தை யார் வாங்கினார்கள்? வேறு வேலைக்குப் போனால் தூரிகையைத் தொட நேரம் இருக்காது. அதனால் பாத்திக் துணி (மெழுகு பூசிச் சாயம் ஏற்றுவது) மாதிரி கைவினைப் பொருள்களைச் செய்து விற்கச் சொன்னார். அந்தக் காசில்தான் சென்னையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள், 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் வந்தது. வயிற்றுப்பாட்டுக்குக் கைத்தொழில், மிச்ச நேரமெல்லாம் தன் ஓவியம். சிறுபத்திரிகை படித்த எல்லோருக்கும் தெரிந்த ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகள்கூட பணிக்கரும் சிற்பி தனபாலும் இருந்த அந்தப் பள்ளியில் பழகியவைதான்.

சரி, காரைக்குடிக்காரனுக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். என் மகன் படிக்கிற பள்ளியில் டிராயிங் பீரியட் அட்டவணையில் மட்டும்தான் இருக்கிறது, அந்த நேரத்தில் கணக்கு நடக்கிறது. கேட்டால் "டிராயிங்தானே சார்" என்கிறார்கள். இத்தனைக்கும் பக்கத்திலேயே பூப்போட்ட தரை ஓடு செய்கிற ஆத்தங்குடி. கண்ணாடி மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறமாகக் கலவையை ஊற்றி, ஒன்றோடொன்று கலந்துவிடாமல் அச்சைத் தூக்கி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்துகிறார்களே, அதை ஒரு தடவை கிட்டே நின்று பார்த்த பிள்ளைக்கு வடிவமும் நிறமும் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கொட்டான் என்கிற ஓலைக்கூடை முடைகிற ஆச்சிமார் இருக்கிறார்கள், மரவேலை செய்கிற ஆசாரிகள் இருக்கிறார்கள். நாமோ வெளியூர்க்காரர்களுக்குப் பெரிய வீடுகளைச் சுற்றிக் காட்டுவதோடு சரி.

இவர்களை வாரம் ஒரு நாள் வகுப்புக்கு அழைக்கலாம், சால்வை போர்த்தி அனுப்பாமல் சம்பளம் கொடுத்து. அதற்காக ஓவிய ஆசிரியர் வேண்டாம் என்று அர்த்தமில்லை. பகுதிநேர ஓவிய ஆசிரியர்கள் பல வருஷமாகப் பணி நிரந்தரம் கேட்டுப் போராடி வருகிறார்கள், அப்புறம் எந்தப் பிள்ளை ஓவியம் படித்து வாத்தியாராக வரும்? இதைப் பற்றியும் உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி எழுதுங்கள், எங்கள் ஊர்ப் பள்ளிகளிலிருந்தே தொடங்கலாம்.

– ஒரு வாசகர், காரைக்குடி