ஆடுகளை எண்ணியாயிற்று, புல்லை எப்போது அளப்பீர்கள்?

தமிழ்நாடு வனத்துறைக்கும் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

2024-இல் 1,031 வரையாடுகள், 2025-இல் 1,303. இரண்டு கணக்கெடுப்பு முடிவுகளும் வெளியானபோது நீலகிரியில் எங்களில் பலருக்கு உண்மையான மகிழ்ச்சி. மூடுபனியில் பாறை விளிம்புகளில் நடந்து எண்ணிய வனக்காவலர்களுக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும் முதலில் நன்றி. (கூடிய எண்ணிக்கையில் பிறந்த குட்டிகள் எத்தனை, தேடல் கூர்மையானதால் கண்ணில் பட்டவை எத்தனை என்பது தனிக் கேள்வி.) ஆனால் ஆட்டின் கணக்கைச் சொல்லும் உங்களிடம் அது மேயும் புல்லின் கணக்கைக் கேட்டால், எந்த ஆவணத்தை எடுத்து நீட்டுவீர்கள்?

வரையாடுகள் மேயும் நீலகிரியின் முக்கூர்த்தியை மனத்தில் வைத்துக் கேட்கிறேன். 1982-இல் சரணாலயம், 1990-இல் தேசியப் பூங்கா. மொத்தப் பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். அளந்து முடிக்க முடியாத பெருங்காடு அல்ல.

ஒன்றிய அரசு 2006 முதல் தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் நடத்திவரும் மேலாண்மைத் திறன் மதிப்பீடு இருக்கிறதே என்பீர்கள். அது பெரும்பாலும் நிர்வாகத்துக்கு இடும் மதிப்பெண். திட்டம் உண்டா, ஆள் உண்டா, நிதி வந்ததா என்பதையெல்லாம் பார்க்கிறது. தேவையான வேலைதான். ஆனால் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்று எழுதிவிட முடியாது.

அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை தன் பூங்காக்களுக்கு இயற்கை வள நிலை மதிப்பீடு என்று தனியாகவே செய்திருக்கிறது. நீர், மண், தாவரம், விலங்கு என ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம். நன்றாக இருந்தால் பச்சை, கவலைக்குரியதானால் மஞ்சள், மோசமென்றால் சிவப்பு. உள்ளே இருக்கும் அம்புக்குறி நிலைமை ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும். எனக்கு மிகவும் பிடித்தது வட்டத்தின் விளிம்பு: தரவு வலுவாக இருந்தால் தடித்த கோடு, இல்லையென்றால் மெல்லிய கோடு அல்லது புள்ளிக்கோடு. 'இதில் எங்களுக்கு அவ்வளவு நிச்சயமில்லை' என்று ஓர் அரசுத் துறை படம் போட்டே ஒப்புக்கொள்கிறது.

முக்கூர்த்தியில் முதல் வட்டம் புல்வெளிக்கு. உறைபனி சோலை (மலை மடிப்புகளில் நிற்கும் அடர்காடு) மரக் கன்றுகளைத் திறந்த வெளியில் தலையெடுக்க விடுவதில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரத்துக்கு அந்தத் தடை பெரிதல்ல. தோல் பதனிடவும் மரக்கூழுக்குமென நாம்தான் அதை நட்டோம். வெட்டினால் மண்ணில் உறங்கும் விதைகள் முளைக்கின்றன; தீ பட்டால் இன்னும் வேகமாக முளைக்கின்றன. ஆகவே 'இத்தனை ஹெக்டேரில் அகற்றப்பட்டது' என்ற அறிவிப்பு பாதிக் கதைதான். அதே இடத்தில் மூன்றாம் ஆண்டு என்ன நிற்கிறது என்பதே மீதி. பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரங்கள் வளர்கின்றன, அவற்றை விட்டுவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்ற அந்தச் சண்டையை அளவீடு இல்லாமல் தீர்க்க முடியாது. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கியதை 2018-இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு காட்டியது. அந்த நிலைக்கு வந்தபின் அளந்து பயனென்ன?

அளப்பதை எதோடு ஒப்பிடுவது என்பது இன்னும் கடினமான கேள்வி. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறியபோது இருந்த நீலகிரியோடா? அப்போதும் அது ஆளில்லாத மலை அல்ல. இம்மலையின் பழங்குடிகளான தோடர்களின் எருமைகள் மேய்ந்தன. பழைய புல்லுக்குப் பருவம் பார்த்துத் தீ வைத்தார்கள். இன்று எருமைகள் குறைந்துவிட்டன, தீயும் குற்றமாகிவிட்டது. உதகை அருகே கோல்கிரெயின் சதுப்பின் கரிமண்ணோ 20,000 ஆண்டுக் கதை சொல்கிறது: வறண்ட காலத்தில் புல் பரவியது, ஈரக் காலத்தில் சோலை பரவியது. ஆக, 'சரியான நிலை' என்று ஒன்றை அலுவலக அறையில் உட்கார்ந்து முடிவு செய்துவிடாதீர்கள். தோடர் மந்துகளில், அவர்கள் வாழும் ஊர்களில், கேளுங்கள். கோயில் கூரை வேயும் சதுப்புப் புல் முன்பு எங்கே கிடைத்தது, இப்போது அதற்காக எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். எந்தக் கருவியிலும் அந்தத் தரவு கிடைக்காது.

நீரைப் பற்றி நீட்டவில்லை. பைக்காரா பிறப்பது முக்கூர்த்திச் சிகரத்தின் சரிவில். அந்த நீரை நம்பி 1932 முதல் மின்சாரம் எடுத்துவருகிறோம். 2019 ஆகஸ்டில் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அந்த மழையில் புல்வெளிச் சரிவு எவ்வளவு நீரைப் பிடித்தது, சீகைத் தோப்பு எவ்வளவு பிடித்தது என்று பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கும் கணக்கு மின்துறைக்கும் வேண்டியதுதான். செலவில் பாதியை அவர்களிடம் கேட்டாலும் தவறில்லை.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை, தமிழில், எல்லோரும் படிக்கும்படி ஒரு நிலை அறிக்கை வேண்டும். சிவப்பு வட்டங்கள் இருந்தால் இருக்கட்டும். அதற்கான நிதியும் குழுவும் அமையும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த வரையாட்டுக் கணக்கெடுப்புக்குக் குழுக்கள் மலையேறும்போது கையில் இன்னொரு தாளையும் கொடுத்தனுப்புங்கள்: நிற்கும் இடத்தில் சீகைக் கன்று உண்டா, காலடியில் என்ன புல், சதுப்பில் நீர் நிற்கிறதா.

இப்படிக்கு,
உதகையிலிருந்து ஒரு மலைவாசி