கருப்பனின் பசி

குன்னூர்,
கார்த்திகை, ஞாயிறு.

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. விரல் விறைக்கும் குளிர் என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் என் நேரத்தைத் தின்பவன் எங்கள் லாப்ரடார் நாய் கருப்பன்தான். நேரத்தை மட்டுமா தின்கிறான்?

ஆடி மாதம், பேரன் மேசையில் விட்டுப்போன வர்க்கிப் பொட்டலத்தைக் காகிதத்தோடு விழுங்கிவிட்டான். வயிற்றில் பூச்சி என்றாள் உன் தங்கை. எனக்குச் சர்க்கரை நோயோ என்று பயம். கால்நடை மருத்துவர் மலம், ரத்தம் இரண்டையும் சோதித்துவிட்டு, "நோய் ஒன்றுமில்லை. 38 கிலோ எடைதான் இவன் நோய்" என்றார். லேசாகத் தடவினாலே விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டுமாம். இவனிடம் தட்டுப்படுவது இலவம்பஞ்சு மெத்தை.

அவர் சொன்ன இன்னொரு செய்தியைத்தான் உனக்கு எழுத நினைத்தேன். லாப்ரடார் நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசியோடு தொடர்புள்ள ஒரு மரபணுவில் சிறு துண்டு இல்லை என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டார்கள். அத்தகைய நாய்க்குச் சாப்பிட்டு எழுந்த சற்று நேரத்திலேயே மறுபடி பசிக்கும்; சும்மா படுத்திருக்கும்போது அதன் உடல் செலவழிப்பதோ மற்றவற்றைவிடக் கால் பங்கு குறைவு. கருப்பனுக்கு அந்தச் சோதனை செய்யவில்லை. ஆனால் நான்கு வருடமாக நடிக்கிறான் என்று அவனைத் திட்டியது உறுத்துகிறது. பசி நிஜம்; சோறுதான் தேவையில்லை. விடுதியில் மூன்றாம் பந்திக்கும் உட்கார்ந்த உன்னை நாங்கள் கேலி செய்தோமே, அதற்கும் சேர்த்து மன்னித்துவிடு.

இப்போது அவன் உணவைத் தராசில் நிறுத்து, நான்கு வேளையாகப் பிரிக்கிறேன். கிண்ணத்தில் வைத்தால் ஒரு நிமிடத்தில் காலி. புல்லில் இறைத்துவிட்டால் மோப்பம் பிடித்துப் பொறுக்க அரை மணி நேரம் ஆகிறது, அதன்பின் அலுத்துத் தூங்குகிறான். இடையில் கெஞ்சினால் கேத்தி கேரட் அல்லது உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸ். நடையும் கூட்டியிருக்கிறேன், ஆனால் வெயில் இருக்கும்போது மட்டும். இருட்டினால் தேயிலைக்குள் சிறுத்தை வருகிறது, அதற்கு நாய் என்றால் உயிர். சுற்றுலா வருபவர்கள் அன்பாக நீட்டும் சாக்லேட்டைத் தடுப்பதுதான் பெரும்பாடு. நாய்க்கு அது விஷம் என்றால் நம்ப மறுக்கிறார்கள்.

இத்தனை செய்தும் முதல் மாதம் எடை அசையவில்லை. துப்பறிந்ததில் உன் தங்கை அகப்பட்டாள். "கல்லில் ஊற்றும் முதல் தோசை சரியாக வராது. அதை யாருக்குப் போடுவது?" என்கிறாள். பேரன் பங்கு பிஸ்கட். என் பங்கையும் சொல்லிவிடுகிறேன்: காலைத் தேநீரோடு தினமும் ஒரு ரஸ்க், யாருக்கும் தெரியாமல். அந்த மூன்று ஓட்டைகளையும் அடைத்த பிறகுதான் இறங்கத் தொடங்கினான். நேற்று 35 கிலோ. முதல் தோசையை இப்போது நான் சாப்பிடுகிறேன்; என் எடையை நீ கேட்காதே.

இதை எழுதும்போதும் என் தொடையில் தாடையை வைத்துக்கொண்டு பார்க்கிறான். அந்தப் பார்வை இன்னும் எனக்குப் பழகவில்லை.

தை பிறந்ததும் வருவதாக எழுதியிருக்கிறாய். கட்டாயம் வா. திருநெல்வேலி அல்வா கொண்டுவந்தால் பூட்டுள்ள பெட்டியில் கொண்டுவா. ஜிப் வைத்த பையை அவன் திறந்துவிடுகிறான்.

அன்புடன்,
உன் மச்சான்